சூரியனைவிடப் பல மடங்கு சூடு எதற்கு? அணுக்கரு இணைவு பற்றி ஓர் இழை

கேள்வி – பிப்ரவரி 20, 2025

பிரான்சில் பிப்ரவரி 12 அன்று ஒரு கருவியில் 1337 விநாடி "செயற்கைச் சூரியன்" எரிந்ததாகச் செய்தி. 5 கோடி டிகிரியாம். சூரியனின் நடுவிலேயே 1.5 கோடி டிகிரிதான் என்று படித்திருக்கிறேன். சூரியனுக்கு அது போதும் என்றால் நமக்கு மட்டும் ஏன் அதைவிட அதிகம்? இதிலிருந்து எவ்வளவு மின்சாரம் கிடைத்தது? நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, கோவை. தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 20, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். மின்சாரம் எதுவும் வரவில்லை, ஒரு யூனிட்கூட. அந்தக் கருவியின் பெயர் வெஸ்ட். தென் பிரான்சில் கதராஷ் என்ற இடத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து 2 மெகாவாட் சக்தியைச் செலுத்தி, பிளாஸ்மாவை, அதாவது கருக்களும் எலக்ட்ரான்களும் பிரிந்து கிடக்கும் சூடான வாயுவை, 22 நிமிடம் கலையாமல் பிடித்து வைத்திருந்தார்கள். மூன்று வாரம் முன்னால் சீனாவின் ஈஸ்ட் கருவி 1066 விநாடி பிடித்திருந்தது. "எரிந்தது" என்று எழுதுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். அடுப்பைச் சூடாகவே வைத்திருக்க முடிகிறதா என்று பார்த்தார்கள், உலை ஏற்றவில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். அணுக்கரு இணைவு என்றால் இரண்டு லேசான கருக்கள் சேர்ந்து ஒன்றாவது. இரண்டுக்கும் நேர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். மிக மிக அருகில் கொண்டுபோய்விட்டால் கருவிசை பிடித்து இழுத்துக்கொள்ளும். அருகில் கொண்டுபோக வேகம் வேண்டும், வேகம் என்றால் சூடு. சூரியனில் ஈர்ப்பு விசை எல்லாவற்றையும் நசுக்கி வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் ஒவ்வொரு கன மீட்டரும் உலை மாதிரி வெப்பத்தைக் கக்குகிறது. நம்மிடம் அந்த அழுத்தம் இல்லாததால் சூட்டைக் கூட்டுகிறோம்.

பிப்ரவரி 21, காலை

நேற்று எழுதியதில் ஒரு வரி தவறு. "ஒவ்வொரு கன மீட்டரும் உலை மாதிரி" என்றேன். படுக்கும்போது உறுத்தியது, எழுந்து கணக்குப் போட்டேன்.

சூரியனின் நடுமையத்தில் ஒரு கன மீட்டரில் உண்டாகும் சக்தி 300 வாட்டுக்கும் குறைவு, சுமார் 276 வாட் என்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் 100 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறது. நம் உடலின் கொள்ளளவு ஒரு கன மீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குகூட வராது. அப்படியானால் அளவுக்கு அளவு வைத்துப் பார்த்தால் சூரியனின் மையத்தைவிட நம் உடம்பு அதிகச் சூடு தருகிறது. குப்பைமேட்டு உரக்குழி சூடாக இருக்குமே, சூரியன் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வேலை செய்கிறது.

அதன் பலம் அளவும் பொறுமையும். நடுவில் இருக்கும் ஒரு புரோட்டான் இணைவதற்குச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. அப்படி இருந்தும் அங்கே விநாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது, அத்தனை பெரிய பானை அது. தடையைத் தாண்டும் அளவுக்கு அங்குள்ள கருக்களுக்கு வேகம்கூடப் போதாது. 1928-இல் இயற்பியலாளர் கேமோவ் விளக்கிய குவாண்டம் ஊடுருவல் (தடையை ஏறித் தாண்டாமல் அதன் ஊடாகவே போவது) மூலமாகத்தான் அபூர்வமாக ஒன்றிரண்டு நழுவி உள்ளே போகின்றன.

நமக்கு அந்த வேகம் கட்டுப்படியாகாது. பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் உலையின் இலக்கு 840 கன மீட்டர் பிளாஸ்மாவில் 500 மெகாவாட் வெப்பம். வகுத்துப் பாருங்கள், கன மீட்டருக்கு 600 கிலோவாட் வருகிறது. சூரியனைப் போல 2000 மடங்குக்கு மேல். ஆகவே "சூரியனைப் பூமியில் செய்கிறோம்" என்பதே சரியில்லை. சூரியனால் முடியாத வேகத்தில் செய்யப் பார்க்கிறோம், அதற்குத்தான் 15 கோடி டிகிரி.

எரிபொருளும் வேறு. சாதாரண ஹைட்ரஜன் மசியாது. நியூட்ரான் கூடுதலாக உள்ள இரண்டு உறவுகள் உண்டு, ஒரு நியூட்ரான் உள்ளது டியூட்டீரியம், இரண்டு உள்ளது டிரிட்டியம். இவை இரண்டும் எளிதாகச் சேர்ந்து ஒரு ஹீலியம் கருவையும் ஒரு நியூட்ரானையும் தரும். கிடைக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் எடுத்துக்கொண்டு ஓடிவிடும். இதை மனதில் வையுங்கள். நல்லது கெட்டது எல்லாம் அந்த நியூட்ரானில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 23

"15 கோடி டிகிரியில் பாத்திரம் உருகாதா?"

கம்பி மத்தாப்புப் பொறி கையில் விழுந்தால் லேசாகச் சுரீர் என்கிறது, அவ்வளவுதான். கொதிக்கும் ரசம் அதைவிட எத்தனையோ மடங்கு குறைந்த சூடு, ஆனால் தோல் உரிந்துவிடும். பொறியில் சூடு அதிகம், சரக்கு குறைவு. பிளாஸ்மாவும் அப்படித்தான். நாம் மூச்சுவிடும் காற்றைவிட இரண்டரை லட்சம் மடங்கு மெலிந்தது. ஈட்டரின் அத்தனை பெரிய கூடத்துக்குள் எந்த நேரத்திலும் இருக்கப்போகும் எரிபொருள் ஒரு கிராமுக்கும் கீழே. அதையும் சுவரில் படாமல் காந்தப் புலம் பிடித்துக்கொள்ளும். கூடத்தின் வடிவம் மெதுவடை, வடையைச் சுற்றிலும் காந்தச் சுருள்கள். இதற்குப் பெயர்தான் டோக்கமாக்.

இங்கே என் தொழில் குறுக்கே வருகிறது, சொல்லாமல் போக மனசில்லை. பூச்சு இயந்திரங்களுக்கான வெற்றிடக் கலன்கள் செய்யும் பட்டறையில் பதினேழு வருடமாக லீக் டெஸ்ட் பார்க்கிறேன். கலனிலிருந்து காற்றை இழுத்துவிட்டு, வெளியே வெல்டிங் ஓரங்களிலும் பிளாஞ்சுகளிலும் (மூடி பொருந்தும் விளிம்புகள்) ஹீலியத்தை மெல்லிய குழாயால் பீய்ச்சிக்கொண்டே போவோம். எங்காவது ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே நுழையும், கருவி கீச்சென்று கத்தும். மேலிருந்து கீழாகத்தான் போக வேண்டும். ஹீலியம் மேலே ஏறும் வாயு, கீழே பீய்ச்சினால் மேலுள்ள ஓட்டை பதில் சொல்லிவிடும்.

ஒருமுறை ஒரு கலன் இரண்டு நாள் படுத்தியது. வெல்டிங் எல்லாம் சுத்தம், முள் மட்டும் இறங்கவில்லை. கடைசியில் பெரிய பிளாஞ்சைக் கழற்றி, இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறுக்கே ஒரே ஒரு பஞ்சு நூல். துடைக்கும்போது பனியன் வேஸ்ட்டிலிருந்து உதிர்ந்தது. கறுப்பு ரப்பரில் வெள்ளை நூல், மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அந்த நூலுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகத்தான் இரண்டு நாளாகக் காற்று உள்ளே வந்திருக்கிறது.

அதனால்தான் ஈட்டர் செய்திகளில் எல்லோரும் காந்தத்தைப் பார்க்கும்போது நான் பற்றவைப்பைப் பார்ப்பேன். 2021 நவம்பரில் அங்கே வெப்பத் தடுப்புத் தகடுகளின் குளிரூட்டும் குழாயில் கசிவு கண்டுபிடித்தார்கள். எப்படி? இதே ஹீலியம் சோதனையில்தான். பற்றவைத்த இடத்தருகே தங்கிப்போன குளோரைடு மிச்சம் எஃகை அரித்து விரிசலாக்கியிருந்தது. 20 கிலோமீட்டருக்கு மேல் குழாயை மாற்றும் நிலை. படித்த அன்று எனக்கு அந்தப் பஞ்சு நூல்தான் நினைவுக்கு வந்தது. 15 கோடி டிகிரிக் கனவு ஒரு கழுவாத வெல்டிங்கில் நின்றுபோகும்.

பிப்ரவரி 24

மத்தாப்பு உவமை பாதிதான் சரி. பிளாஸ்மா மெலிந்ததுதான், ஆனால் ஈட்டர் அளவில் அதற்குள் இருக்கும் வெப்பம் சுமார் 350 மெகாஜூல். காந்தப் பிடி திடீரென்று குலைந்தால் அது சில மில்லி விநாடிகளில் சுவரின் ஏதோ ஒரு பகுதியில் இறங்கும். டங்ஸ்டன் மேல்தோலே உருகலாம். வெளியே யாருக்கும் ஆபத்தில்லை, கருவிக்குத்தான் அடி. "சும்மா சுரீர்" என்று நான் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

பிப்ரவரி 24, மாலை

டோக்கமாக் ரஷ்யச் சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், காந்தச் சுருள்கள் கொண்ட வளையக் கூடம் என்பதன் ரஷ்யச் சுருக்கம். யோசனை 1950 வாக்கில் சோவியத் இயற்பியலாளர்கள் சகாரோவ், டாம் இருவருடையது. 1968-இல் மாஸ்கோவின் டி-3 கருவி 1 கோடி டிகிரியைத் தொட்டதாக அங்கே அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அர்த்சிமோவிச் அறிவித்தபோது மேற்கில் பலர் நம்பவில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். 1969-இல் பிரிட்டனின் கல்ஹம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு குழு தங்கள் லேசர் கருவியைத் தூக்கிக்கொண்டு மாஸ்கோவுக்கே போய் அளந்தது. ரஷ்யர்கள் சொன்னது சரி. அதற்கப்புறம்தான் உலகம் முழுக்க டோக்கமாக் முளைத்தது. எதிர் முகாம் ஆட்களை ஆய்வுக்கூடத்துக்குள் விட்டு "நீங்களே அளந்து பாருங்கள்" என்று சொன்ன அந்தத் துணிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மார்ச் 2

"அமெரிக்காவில் 2022-லேயே போட்டதைவிட அதிக ஆற்றல் எடுத்துவிட்டார்களே, அப்புறம் என்ன?"

எடுத்தார்கள். 2022 டிசம்பர் 5, கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடம். அது டோக்கமாக் இல்லை. 192 லேசர் கற்றைகளை ஒரு சின்னஞ்சிறு உருண்டையை நோக்கிச் சுட்டு நசுக்கும் முறை. உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15.

இதை வீட்டு மின்கணக்கில் பாருங்கள். 3.15 மெகாஜூல் என்றால் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசரைச் சுட மின் இணைப்பிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல், 83 யூனிட். 83 யூனிட் செலவழித்து ஒரு யூனிட்கூட வரவில்லை, அதுவும் வெப்பமாக.

"லாபம்" என்ற சொல்லைப் பார்த்தவுடன் கோடு எங்கே கிழித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உருண்டையைச் சுற்றிக் கோடு கிழித்தால் லாபம், கட்டடத்தைச் சுற்றிக் கிழித்தால் பெரும் நட்டம். ஈட்டருக்கும் இதே பேச்சு. 50 மெகாவாட் போட்டு 500 எடுப்போம் என்பதில் 50 என்பது பிளாஸ்மாவுக்குள் நுழையும் சக்தி மட்டும். குளிரூட்டி, பம்புகள், சூடேற்றும் கருவிகள் இழுக்கும் மின்சாரம் தனி. வெளியே வரும் 500-உம் வெப்பம்தான். ஈட்டரில் டர்பைனே கிடையாது.

இங்கிலாந்தில் இருந்த ஜெட் என்ற டோக்கமாக் 1997-இல் 24 மெகாவாட் செலுத்தி 16 எடுத்தது. மூடுவதற்குச் சற்று முன், 2023-இல், ஒரே ஓட்டத்தில் 69 மெகாஜூல் எடுத்தது. 19 யூனிட். செலவான எரிபொருள் 0.2 மில்லிகிராம். இந்தக் கடைசி எண்ணை மட்டும் மறுபடி படியுங்கள். 0.2 மில்லிகிராமுக்கு 19 யூனிட் வெப்பம்! இந்த ஆட்டத்தை யாரும் விட்டுவிட்டுப் போகாததற்குக் காரணம் இதுதான்.

மார்ச் 3

லிவர்மோர் பற்றி நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். எண்கள் சரி, தொனி சரியில்லை. அந்தக் கூடம் மின்நிலையமாகக் கட்டப்பட்டதல்ல, அணு ஆயுத ஆய்வுக்காகக் கட்டியது. லேசர்களும் பழைய தலைமுறை. அங்கே நடந்ததில் முக்கியமானது யூனிட் கணக்கு இல்லை. இணைவில் பிறந்த ஹீலியம் கருக்களே பக்கத்து எரிபொருளைச் சூடாக்கி மேலும் இணைய வைத்தன. அதாவது தீ தானாகப் பற்றியது. ஆய்வுக்கூடத்தில் அதுவரை அந்த அளவுக்கு எவரும் பார்க்காதது. ஈர விறகில் எழுபது வருடம் ஊதிக்கொண்டிருந்தவர்களுக்கு முதல் சுடர் தெரிந்தால் எப்படி இருக்கும்? அதைக் கரண்டு பில்லோடு மட்டும் ஒப்பிட்டது என் அவசரம்.

மார்ச் 9

எரிபொருள். "கடல்நீரிலேயே இருக்கிறது, தீரவே தீராது" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். பாதிக்கு இது உண்மை.

டியூட்டீரியம் கடல்நீரில் இருக்கிறது, ஒரு கன மீட்டருக்கு சுமார் 33 கிராம். பிரித்தெடுக்கவும் தெரியும். தூத்துக்குடியில் கனநீர் (டியூட்டீரியம் நிறைந்த நீர்) ஆலை இருக்கிறதே, கடற்கரை ஓரமாக இத்தனை காலம் அந்த வேலைதான் நடந்தது.

பிரச்சினை டிரிட்டியம். அது இயற்கையில் கையில் எடுக்கும் அளவுக்குக் கிடைக்காது. அரை ஆயுள் 12.3 ஆண்டு, வைத்திருந்தாலே கரைந்துபோகும். இன்று கிடைப்பது பெரும்பாலும் கனநீர் அணு உலைகளின் துணைப்பொருள். கல்பாக்கத்தில் ஓடுவது போன்ற உலைகளில், கனநீரில் உள்ள டியூட்டீரியம் நியூட்ரானை விழுங்கி டிரிட்டியமாகும். அப்படி உலகம் முழுக்கச் சேர்ந்திருக்கும் சிவில் இருப்பு 25 கிலோ அளவில். ஆனால் 1000 மெகாவாட் இணைவு சக்தியை வருடம் முழுக்க ஓட்ட 55 கிலோவுக்கு மேல் வேண்டும். ஒரே ஒரு நிலையத்துக்கு!

ஆகவே உலை தன் டிரிட்டியத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும். ஓடிப்போகிறது என்றேனே, அந்த நியூட்ரான், அது சுவருக்குப் பின்னால் உள்ள லித்தியத்தில் மோதினால் டிரிட்டியம் பிறக்கும். அங்கேதான் கணக்கு இறுக்கமாகிறது. ஒரு இணைவு ஒரு டிரிட்டியத்தைத் தின்று ஒரு நியூட்ரானைத் தருகிறது. சில நியூட்ரான்கள் எஃகில் மாட்டும், சில இடைவெளியில் தப்பும். ஒன்றுக்கு ஒன்று திரும்பக் கிடைக்காது. பெரிலியமோ ஈயமோ வைத்து நியூட்ரானைப் பெருக்கினால்தான் ஒன்றுக்குச் சற்று மேலே தேறும். விதைநெல்லையே சமைத்துவிட்டு அடுத்த போகத்துக்கு அதே வயலில் விதைநெல் தேடுகிற நிலை. ஒரு முழு உலையில் இதை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. ஈட்டரில்கூடச் சிறு மாதிரிகளைத்தான் பொருத்திப் பார்க்கப் போகிறார்கள்.

என்னைக் கேட்டால் 1337 விநாடியைவிட இதுதான் செய்தி. தலைப்பில் மட்டும் வராது.

மார்ச் 10

தூத்துக்குடி பற்றித் திருத்தம். கடற்கரை என்று எழுதியதைப் படித்தால் கடல்நீரிலிருந்து எடுத்த மாதிரி ஒலிக்கிறது. அப்படி இல்லை. பக்கத்து உரத் தொழிற்சாலையில் அம்மோனியா செய்ய வரும் ஹைட்ரஜன் வாயுவிலிருந்துதான் அங்கே டியூட்டீரியத்தைப் பிரித்தார்கள்.

மார்ச் 16

"கழிவே இல்லை, சுத்தம்" என்று ஒருவர், "அதுவும் அணுவுலைதான், வெடிக்கும்" என்று இன்னொருவர். இரண்டும் வேண்டாம்.

வெடிக்காது. யுரேனியம் உலையில் தொடர்வினையைக் கட்டுப்படுத்துவதுதான் வேலை. இங்கே தொடர்வினையே இல்லை. கூடத்தில் இருப்பது ஒரு கிராம்கூட இல்லை, காற்று புகுந்தாலே அணைந்துவிடும். அணைக்கத் தெரியாமல் யாரும் திண்டாடப் போவதில்லை. அணையாமல் வைத்திருக்கத்தான் எழுபது வருடமாகப் பாடுபடுகிறார்கள்.

சுத்தம் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சாம்பலாக வருவது ஹீலியம், யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் நியூட்ரான் சுவரின் எஃகைக் கதிரியக்கமாக்கும். பிளவு உலைக் கழிவுபோலப் பல்லாயிரம் ஆண்டு இல்லை, சரியான உலோகக் கலவையைத் தேர்ந்தால் நூறு ஆண்டு அளவில் அடங்கும் என்கிறார்கள். நூறு ஆண்டும் சும்மா இல்லை. டிரிட்டியமும் ஹைட்ரஜன்தானே, எஃகுக்குள்ளேயே ஊடுருவும். ஹைட்ரஜனை அடைத்து வைப்பது எவ்வளவு சிரமம் என்று வெற்றிட வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொன்று. அத்தனை வேகமான நியூட்ரான் எஃகின் அணுக்களை இடம் பெயர்க்கும், உள்ளே ஹீலியத்தைக் குமிழாக விட்டுப்போகும், உலோகம் நொறுங்கும் குணம் பெறும். இருபது முப்பது வருடம் அந்த மழையில் நின்ற சுவர் எப்படி இருக்கும் என்று சோதிக்க, அதே மாதிரி நியூட்ரான் மழை வேண்டும். அதற்காகவே ஸ்பெயினில் கிரனாடா அருகே ஒரு தனிக்கூடம் கட்டுகிறார்கள்.

மார்ச் 16, இரவு

ஹீலியம் என்றதும் ஒரு பழைய கதை. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் அதைப் பார்க்க வந்த இடம் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர். அந்தக் கிரகணத்தில் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோட்டுக்கு அருகில், ஆனால் அதுவல்ல. இது பூமியில் அறியாத தனிமம் என்று பிறகு ஆங்கிலேய வானியலாளர் லாக்கியர் முடிவுகட்டினார். சூரியனின் கிரேக்கப் பெயரான ஹீலியோஸ் அதற்கு ஒட்டிக்கொண்டது. பூமியில் அதைப் பிரித்தெடுக்க 1895 ஆனது. சூரிய அடுப்பின் சாம்பல் அது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. நான் தினமும் சிலிண்டரிலிருந்து பீய்ச்சுவது அந்தச் சாம்பலைத்தான்.

மார்ச் 17

கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். என் சிலிண்டரில் இருப்பது சூரியனின் ஹீலியம் அல்ல. பூமிக்கடியில் யுரேனியமும் தோரியமும் சிதையும்போது பிறந்து, இயற்கை எரிவாயுவோடு அடைபட்டுக் கிடந்தது. ஒரே தனிமம், பிறந்த வீடு வேறு.

மார்ச் 30

"எப்போது வரும்?"

1955-இல் ஜெனீவா அணுசக்தி மாநாட்டின் தலைவராக இருந்த ஹோமி பாபா, இன்னும் இருபது ஆண்டுகளில் இணைவு ஆற்றலைக் கட்டுப்பாட்டோடு வெளிக்கொணர வழி கண்டுபிடிக்கப்படும் என்று கணித்தார். 1958 ஜனவரியில் பிரிட்டனின் ஸீட்டா கருவி இணைவை எட்டிவிட்டதாகப் பத்திரிகைகள் கொண்டாடின. சில மாதங்களில் அந்த நியூட்ரான்கள் உண்மையான வெப்ப இணைவிலிருந்து வந்தவை அல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஈட்டரின் புதிய அட்டவணைப்படி ஆய்வு ஓட்டம் 2034, டியூட்டீரியம்–டிரிட்டியம் எரிப்பது 2039.

பாபாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் காலத்தில் பிளாஸ்மா எத்தனை விதமாகத் திமிறும் என்று தெரியாது. டி-3 பிடித்து வைத்தது மில்லி விநாடிக் கணக்கு. அங்கிருந்து இங்கே வந்தது சின்னத் தூரமில்லை. 2021-இல் அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் புதுவகை மீகடத்தியில் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) 20 டெஸ்லா வலுவுள்ள காந்தம் செய்து காட்டியதும் பெரிய விஷயம். காந்தம் வலுவானால் உலை சிறிதாகும், சிறிதானால் சீக்கிரம் கட்டிச் சீக்கிரம் தவறு கண்டுபிடிக்கலாம்.

ஆனால் இதை நம்பி இன்றைக்கு நிலக்கரியைக் குறைப்பதைத் தள்ளிப்போடுவது தவறு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூரையில் பலகை போட்டால் பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இணைவு உலை இப்போதே மின்சாரம் தருகிறது. இங்கே கட்டுவது நம் பேரப்பிள்ளைகளுக்கு. பேரப்பிள்ளைகளுக்கு என்பதால் மெதுவாகச் செய்யலாம் என்றும் ஆகாது.

ஏப்ரல் 6

"மெக்கானிக்கல் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை இருக்கிறது அண்ணா, எல்லாம் இயற்பியல்காரர்கள்தானே?"

தம்பி, ஈட்டரை முழுசாக மூடும் வெளிக்கலன் சுமார் 3850 டன் எஃகு, 30 மீட்டர் உயரம். செய்தது இந்தியா. குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி துண்டுதுண்டாகச் செய்து கப்பலில் அனுப்பியது, அங்கே சேர்த்துப் பற்றவைத்தார்கள். அதில் எத்தனை வெல்டர், எத்தனை ஃபிட்டர், எத்தனை லீக் டெஸ்ட் ஆட்கள் என்று யோசித்துப் பாருங்கள். காந்திநகரில் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் இருக்கிறது, 1989 முதல் ஆதித்யா என்ற டோக்கமாக்கை ஓட்டிய இடம். அங்கே மாணவர்கள் திட்டப்பணிக்குப் போகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கோவைதானே. வரும் சனிக்கிழமை ஒரு கலனுக்கு லீக் டெஸ்ட் இருக்கிறது. முதலாளியிடம் கேட்டுவிட்டேன், வரலாம். தனிமடலில் எண் தருகிறேன். காலை எட்டரைக்குள் வந்துவிடுங்கள். பம்ப் இழுத்து முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகும், பிளாஞ்ச் மூடும் முன் ஓ-ரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதிலிருந்து நீங்கள் பார்க்க வேண்டும்.